மாத்திரையோடு ஒரு குறிப்பேடு



ஒரு நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்தை வேறொரு நோய்க்கும் மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது உண்டு. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மனச்சோர்வுக்கென அமெரிக்க அரசு 1961-ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. நீரிழிவால் நரம்பு கெட்டுப் பாதம் எரிவோர்க்கும் இது பயன்படுவதை மருத்துவர்கள் பின்னர்க் கண்டனர். மனம் தேறுவதால் வலி குறைந்ததுபோல் தோன்றுகிறதோ என்றதோர் ஐயம் இருந்தது. 1987-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மனச்சோர்வு இல்லாதவர்க்கும் இம்மாத்திரையால் வலி தணிந்ததைக் காட்டியது. ஆயினும் அந்நாட்டு ஒப்புதலில் இன்றும் மனச்சோர்வு ஒன்றே குறிக்கப்பட்டுள்ளது. பழைய, மலிவான மருந்துக்காகப் பெரும்பொருள் செலவிட்டுப் புதிய ஒப்புதல் பெற எந்த நிறுவனம் முன்வரும்?

இந்தச் சிறு இடைவெளி நம் இல்லங்களில் விளைக்கும் துயரம் பெரிது. நம் பங்கின் முதிய தாயார் ஒருவர், கால் எரிச்சலுக்காக இரவில் பத்து மில்லிகிராம் மாத்திரையொன்றை உண்ணத் தொடங்கினார். 'இது மனநோய்க்குரியதாயிற்றே' என்று மருந்துக்கடையில் யாரோ கூற, மகன் நான்காம் நாளே அதை நிறுத்திவிட்டார். "சாமி, எனக்குப் பைத்தியம் என்று டாக்டர் முடிவுகட்டிவிட்டாரா?" என்று அவர் கேட்டபோது, அக்கேள்வியை அவர் எத்தனை இரவுகள் தம்முள் அடக்கி வைத்திருந்தாரோ என எண்ணினேன். மருத்துவரிடமே சென்று கேளுங்கள், அம்மா, என்றேன். அவரோ பொறுமையோடு விளக்கி, ஒரு வாரம் மருந்தின்றி எரிச்சலைக் குறித்துவிட்டுப் பிறகு தொடங்குமாறு பணித்தார். பாட்டிக்குக் கண் மங்கல். ஆகவே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தி எழுதுகிறாள்.

மருந்தில்லாத அந்த ஒரு வாரமே குறிப்பேட்டின் உயிர்நாடி. முன்பு எப்படி இருந்தது என்பது ஏட்டில் இல்லையேல், பின்பு குறைந்ததா என்பதை எதனோடு ஒப்பிடுவது? நினைவு நம்பத்தக்க சாட்சியன்று. நேற்று நன்றாக உறங்கியவர் சென்ற மாத வேதனையைக் குறைத்தே சொல்வார். எரிச்சலே இல்லையெனில் 0, தாங்கவொண்ணாததெனில் 10 என்று வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஓர் எண் எழுதினால் போதும். முந்திய நாள் எண்ணைப் பார்த்துவிட்டு எழுதலாகாது. உறக்கம், மாத்திரை உண்ட நேரம், சர்க்கரை அளவு ஆகியனவும் அருகில் இருக்கட்டும். பேத்தியின் ஏட்டில் ஒரு நாள் திடீரென 8 என்றிருந்தது. பக்கத்திலேயே, 'தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தார்' என்று எழுதியிருந்தாள்! அவ்வொரு வரி இல்லாதிருந்தால் பழி மாத்திரையின்மேல் விழுந்திருக்கும்.

நம்முடைய நம்பிக்கையும் நம்மை ஏமாற்றக்கூடும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து மருத்துவர் கார்டன் கயாட்டும் அவர்தம் குழுவினரும் 1986-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். ஆஸ்துமாவால் துன்புற்ற அவர், தியோபிலின் என்னும் மருந்து தமக்கு நலம் செய்வதாக நம்பியிருந்தார். மெய்யான மருந்தும் அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரையும் அவருக்கு மாறி மாறி அளிக்கப்பட்டன. எப்போது எது என்பது அவருக்குத் தெரியாது. அவர் தம் நிலையைக் குறித்துவந்தார். முடிவில் பார்த்தால், வெற்று மாத்திரை உண்ட காலத்தில்தான் அவர் நலமாக இருந்திருக்கிறார். இத்தகைய சோதனையை வீட்டில் நாமே நடத்த இயலாது, நடத்தவும் கூடாது. ஆனால் நேர்மையாக எழுதப்பட்ட எண், ஆசையைவிட நல்ல வழிகாட்டி என்பதை இது காட்டுகிறது.

இம்மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். வாய் உலர்தல், மலச்சிக்கல், காலையிலும் நீங்காத தூக்கக் கலக்கம் ஆகியவை முதல் வாரத்திலேயே வரலாம். அதாவது தொல்லை முன்னே வருகிறது, நன்மை பின்னே வருகிறது. பலர் இடைவழியில் கைவிடுவது இதனால்தான். இரண்டையும் எழுதுங்கள். எழுந்து நிற்கையில் தலைசுற்றல், சிறுநீர் கழிப்பதில் தடை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றினால் எழுதிவிட்டுக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுகவேண்டும். இதயநோய், கண்ணழுத்தநோய், புராஸ்டேட் வீக்கம் உடையவர்கள் மருந்தைத் தொடங்குமுன்பே அதைச் சொல்லிவிடவேண்டும். பல நாள் உண்டபின் தாமாகத் திடீரென நிறுத்துவதும் தவறு. பக்கத்து வீட்டாருக்குப் பலித்ததென்று அவர்தம் மாத்திரையை வாங்கி உண்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

மருத்துவமனை வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். முழு ஏட்டையும் நீட்டாமல், மருந்துக்கு முந்திய வாரத்தின் எண்களையும் கடைசி இரு வாரங்களின் எண்களையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி எடுத்துச் செல்லுங்கள். உண்ணும் மற்ற மாத்திரைகளின் பெயர்களை அத்தாளின் பின்புறம் எழுதிக்கொள்ளலாம்.