கிணற்றின் ஆழமும் பாறையின் கொள்ளளவும்

கிணறு வெட்ட நினைக்கும் குடியானவர் முதலில் கேட்பது, தம் பூமியில் நீரோட்டம் எங்கே இருக்கிறது என்பதுதான். இச்சொல் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஆயினும் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் ஜில்லாக்களின் மேட்டுப் பூமிகளைப் பொறுத்தவரை, விவசாயிகளை இவ்வளவு நஷ்டத்தில் இழுத்துவிட்ட சொல் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. பூமிக்குள் எங்கோ ஒரு நதி ஓடிக்கொண்டிருப்பதாகவும், அதன் தலைமேல் ஒரு துளை போட்டுவிட்டால் தலைமுறைக்கும் ஜலம் குறையாதென்றும் எண்ணும்படி அது செய்கிறது. அத்தகைய நதி இந்த ஜில்லாக்களின் பாறைக்குள் கிடையாது.

உள்ளது இன்னதென்று அறிய விரும்புவோர் எந்தப் புஸ்தகத்தையும் தேடவேண்டுவதில்லை. நீர் வற்றிய பழைய திறந்த கிணறு ஒன்றின் ஓரத்தில் நின்று அதன் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தால் போதும். மேலே இரண்டு மூன்று அடிக்குச் செம்மண். அதன் கீழ்ப் பல இடங்களில் வெண்மையான சுக்கான் அடுக்கு. அதற்கும் கீழே, பார்வைக்குப் பாறையைப்போல் வரியோடி நின்றாலும், கடப்பாரை பட்டவுடன் பொலபொலவென்று உதிரும் உக்கிய கல். இது சில இடங்களில் பதினைந்து அடியும், சில இடங்களில் அறுபது அடியும் இறங்கும். அதன்பின் வெடிமருந்து வைத்தாலன்றி அசையாத மட்டப்பாறை. அதில் அங்கங்கே குறுக்கும் நெடுக்குமாகச் சில வெடிப்புகள். மழைக்காலத்தில் கிணற்றுக்கு ஜலம் சுரப்பது உக்கிய கல்லின் அடிப்பாகத்திலிருந்தும் அவ்வெடிப்புகளிலிருந்துமே என்பதைக் கிணற்றில் இறங்கி வேலை செய்த எவரும் சொல்வர்.

பாறை உக்குவதற்குக் காரணம் மழை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது புளிப்புத்தன்மை பெறுகிறது. அந்நீர் இடுக்குகளில் இறங்கித் தங்கும்போது, பாறையில் மிகுதியாகவுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிப்பொருள் களிமண்ணாக மாறிவிடுகிறது. வெங்கச்சங்கல் மாத்திரம் மாறாமல் மணலாய் நிற்கிறது. இவ்விதம் ஒரு பொருள் கரைந்து, மற்றொன்று நின்று, இடையில் உண்டாகும் நுண்ணிய இடைவெளிகளே இந்தப் பூமியின் நீர்க்களஞ்சியம். சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகளிற் பல 250 கோடி ஆண்டுகட்கு முன் உண்டானவை. அவற்றின்மேல் இத்தனை காலம் மழை பெய்தும் உக்கியிருப்பது சில பத்தடிகளே.

அக்களஞ்சியத்தின் அளவு கணக்கிடக்கூடியது. உக்கிய கல்லிலிருந்து வடிந்து வரக்கூடிய ஜலம், களிமண் கலப்புக்குத் தக்கபடி, அதன் கன அளவில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு பங்கு. இரண்டு பங்கென்று வைத்துக்கொண்டால், 30 அடி கனமுள்ள அடுக்கு முழுவதும் நிரம்பி நின்றாலும், அதிலிருந்து கிடைப்பது நிலத்தின்மேல் ஏழு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாற் போன்றதே. கீழேயுள்ள மட்டப்பாறையிலோ ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பங்கு; ஆழம் செல்லச் செல்ல, மேற்பாரத்தால் வெடிப்புகள் நெருங்கி, அதுவும் அருகிப்போகும். இனி வரவுக் கணக்கு. வருஷத்துக்கு 25 அங்குல மழை பெய்யும் வறண்ட தாலுகாவில், ஓடியதும் ஆவியானதும் பயிர் குடித்ததும் போக, பூமிக்குள் இறங்குவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை அங்குலம். ஒரு போகம் நெல்லுக்கு 48 அங்குலத் தண்ணீர் செலவாகிறது. வயலிலிருந்து மீண்டும் கசிந்து இறங்குவதைத் தாராளமாகத் தள்ளிக் கொடுத்தாலும், கிணற்றுப் பாய்ச்சலில் ஒரு ஏக்கர் நெல் விளைவிப்பவர் சுமார் பத்து ஏக்கர் பூமியின் வருஷ வரவை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பத்து ஏக்கரும் அவருடையதாக இருப்பது அபூர்வம்.

கவலை இறைத்த காலத்தில் இந்தக் கணக்கு எவருக்கும் தேவைப்படவில்லை. எருதுகளின் சக்தியே அளவுகோலாக இருந்தது. கிணறு ஆழமாக ஆக, இறைக்கும் தண்ணீர் தானே குறைந்துவிடும். 1932-ல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியான பின் கோயமுத்தூர்ப் பக்கம் மின் பம்புகள் பரவின. பிறகு துளைபோடும் யந்திரங்கள் வந்தன. திருச்செங்கோட்டு வண்டிகள் இன்று இந்தியாவின் பல மாகாணங்களுக்குச் சென்று துளையிடுகின்றன. விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் எருதுகள் தாமே வைத்திருந்த எல்லை போன பிறகு, அதற்கு ஈடாக வேறோர் எல்லையை ஊரார் வைத்துக்கொள்ளவில்லை. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 435, வரவுக்கு மேல் நிலத்தடி நீரை எடுப்பவை.

ஆயிரம் அடிக்குத் துளை போடுவது இப்போது அதிசயமன்று. எண்ணூறு அடியில் நல்ல ஜலம் கண்டவரும் உண்டு. அவரைப் பார்த்துக் கடன் வாங்கித் துளைபோட்டுப் புகையும் புழுதியும் மாத்திரம் கண்டவர்கள் அவரைக் காட்டிலும் அநேகர். தண்ணீர் கண்டவர்கூட உணரவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அந்த ஆழத்து வெடிப்பில் வந்த ஜலமும் மேலேயுள்ள உக்கிய கல்லிலிருந்து இறங்கியதே. ஆழ்குழாய் புதிதாக ஒரு சொட்டையும் உண்டாக்குவதில்லை. முப்பது அடியில் எல்லாருக்கும் பொதுவாக நின்றதை முந்நூறு அடிக்கு இறக்கி, அவ்வளவு ஆழம் துளைக்க வசதியுள்ளவருக்கு மாற்றிக் கொடுக்கிறது. பக்கத்துக் கிணறு வற்றுவது அதனாலேயே. பின்பு அந்தக் கிணற்றுக்காரரும் கடன் வாங்குகிறார். அவருடைய திறந்த கிணறு, ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டு வைக்கும் தொட்டியாகிறது. சிலர் மண்ணைத் தள்ளித் தூர்த்துவிடுகின்றனர். மழை பெய்யும் வருஷத்தில் மேலடுக்கு நீரைச் சொற்பச் செலவில் தரக்கூடிய கிணற்றைத் தூர்ப்பது, களஞ்சியத்தின் வாசலை அடைத்துவிட்டு அடிச்சுவரில் ஓட்டை போடுவதாகும்.

தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திக் குறி பார்ப்பவர்களின் பெயர் நிலைத்திருப்பதும் இந்தப் பாறையின் இயல்பினாலேயே. நல்ல மழை வருஷத்தில் உக்கிய கல்லுள்ள பூமியில் எங்கே தோண்டினாலும் சிறிதாவது ஜலம் காணும்.

துளையின் ஆழத்துக்குச் சட்டத்தினால் எல்லை வகுக்கலாமே என்பார் உண்டு. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென 2003-ல் இயற்றப்பட்ட சட்டம் 2013-ல் ரத்தாயிற்று. சட்டம் மீண்டும் வரட்டும், வராமற் போகட்டும். ஊராரின் ஒப்புதலின்றி ஒவ்வொரு தோட்டத்து மோட்டாரையும் எந்த உத்தியோகஸ்தரும் காவல் காக்க முடியாது. மஹாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்னும் சிற்றூர், இங்குள்ளதைவிடக் குறைந்த மழையில், கருங்கல் பூமியில், பாசனத்துக்கு ஆழ்குழாய் கூடாதென்றும் கரும்பு வாழை கூடாதென்றும் தானே கட்டுப்பாடு செய்துகொண்டது. ஆண்டுதோறும் மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, கிராம சபையில் வைத்து, அவ்வருஷத்துப் பயிரை அங்கே தீர்மானிக்கின்றனர். ஆந்திரத்தின் ஏழு வறட்சி ஜில்லாக்களில் குடியானவர்களே கிணற்று மட்டத்தை அளந்து கணக்கு வைத்ததும் உண்டு. அங்குள்ள பாறை பெரும்பாலும் இங்குள்ள பாறையின் இனமே.

இதற்கு வேண்டிய உபகரணம், அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும் அதன் நுனியில் ஒரு கல்லும். ஊருக்கு நாலைந்து திறந்த கிணறுகளைத் தெரிந்தெடுத்து, விடியற்காலையில் மோட்டார் போடுமுன், மாதம் ஒருமுறை அளத்தல் வேண்டும். கர்ணம், மணியம் பதவிகள் 1980-ல் எடுபட்ட பிறகும் அடங்கல் எடுபடவில்லை. இன்ன சர்வே நம்பரில் இன்ன பயிர், இன்ன பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியே வருகிறார். ஆனால் அந்தப் பாசனக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதற்கு அங்கே இடமில்லை. அளந்த எண்ணை அடங்கலோடு சேர்த்து ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைக்க எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி 26-ல் கூடும் கிராம சபையில், கோடைப் பயிருக்கு விதை வாங்குமுன், அந்த எண்களை உரக்கப் படிப்பது நலம். மட்டம் கீழே நிற்கும் வருஷத்தில் மஞ்சளும் வாழையும் வைப்போர், எவருடைய கிணற்றை நம்பி வைக்கிறோம் என்பதை அப்போது ஊரார் முன்னிலையில் சொல்லவேண்டியிருக்கும்.