ஒபீலியா படத்துக்கு ஐந்து மார்க்... அப்புறம்?

காடாம்புலியூரில் பிளஸ் ஒன் படிக்கும் எந்த மாணவனைக் கேட்டாலும் ஒபீலியா படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவான். பாலிப், மெடூசா, தலைமுறை மாற்றம் எல்லாம் சரியாக இருக்கும். ஐந்து மார்க் நிச்சயம். "இது எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேளுங்கள், முழிப்பான். வகைப்பாடு என்றாலே பெயர்ப்பட்டியல், மனப்பாடம், வாந்தி. இதைவிடப் பெரிய அநியாயத்தை அந்தப் பாடத்துக்குச் செய்துவிட முடியாது.

நன்னீர் ஜெல்லிமீனின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். (ஆமாம், ஜெல்லிமீன் கடலில் மட்டும் இல்லை!) 1880 ஜூனில் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் தோட்டத்தில், ராட்சத அல்லி வளர்த்த தொட்டியில் சோவர்பி என்பவர் கண்ணாடி போன்ற குட்டி ஜெல்லிமீன்களைப் பார்த்தார். நன்றாக வளர்ந்தால் சுமார் 2 செ.மீ. அகலம். லங்கெஸ்டர் ஒரு பெயர் வைத்தார், ஆல்மன் இன்னொரு பெயர் வைத்தார், யாருடைய பெயர் செல்லும் என்று சண்டை. கடைசியில் நிலைத்தது லங்கெஸ்டர் வைத்த கிராஸ்பிடகஸ்டா சோவர்பி.

சரி, இது எங்கிருந்து பிறக்கிறது? 1884-ல் லங்கெஸ்டரின் மாணவர் பார்ன் இதன் பாலிப்பைக் கண்டுபிடித்தார். ஒரு மில்லிமீட்டர் அளவு, உணர்கொம்பு கிடையாது. 1885-ல் அமெரிக்காவில் பாட்ஸ் இப்படி ஒரு பாலிப்பைப் பார்த்து, தனி விலங்கு என்று நினைத்து மைக்ரோஹைட்ரா ரைடெரி என்று பெயர் வைத்தார். பிறகுதான் தெரிந்தது இரண்டும் ஒன்றே என்று. ஆள் ஒன்று, ரேஷன் கார்டு இரண்டு!

குழப்பம் அதோடு முடியவில்லை. மெடூசாவைப் பார்த்தால் டிராக்கிமெடூசே கூட்டம் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பாலிப்பே கிடையாது, லார்வா நேராக மெடூசாவாகிவிடும். இதற்கோ பாலிப் உண்டு. உருவம் ஒன்று சொல்கிறது, வளர்ச்சி வேறொன்று சொல்கிறது. 1938-ல் டென்மார்க்கின் கிராம்ப், லிம்னோமெடூசே என்று தனி வரிசையே உண்டாக்கினார். பிற்பாடு மரபணு ஆய்வு, இரண்டு கூட்டமும் டிராக்கிலினா என்ற ஒரே குடும்பக் கிளைதான் என்றது. ஆக, உருவத்தைப் பார்த்தவரும் முட்டாள் இல்லை, வளர்ச்சியைப் பார்த்தவரும் முட்டாள் இல்லை. வகைப்பாடு என்பது இந்த வழக்குதான். பள்ளிக்கூடம் வழக்கை மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் ஒப்பிக்கச் சொல்கிறது.

"இதெல்லாம் லண்டன் கதை, இங்கே எதற்கு?" என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கிருஷ்ணாவின் கிளையாறுகளில் லிம்னோக்னிடா இண்டிகா என்ற நன்னீர் ஜெல்லிமீன் உண்டு. அன்னண்டேல் விவரித்தது. அதே பேரினம் ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியிலும் இருக்கிறது. கிராஸ்பிடகஸ்டாவுக்கு இனப்பெருக்க உறுப்பு ஆரக்கால்வாய்களில் தொங்கும், இதற்கு வாய்க்குழலைச் சுற்றி இருக்கும். எத்தனை பிளஸ் ஒன் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

"நீட்டுக்கு வருமா?" என்பது அடுத்த கேள்வி. வராமல் போகட்டும். குளத்தில் ஜெல்லிமீனை வலை போட்டு அள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவன், அடியில் ஒட்டியிருக்கும் பாலிப்பை விட்டுவிடுவான். தொட்டிச் செடியோடு அது ஊர் விட்டு ஊர் போவதும் அவனுக்குத் தெரியாது. பாதி வாழ்க்கையை மட்டும் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு பாதி முடிவுதான்.

கடலூர் மாவட்டத்திலேயே, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஒரு பஸ் பிடித்து மாணவர்களை அங்கே கூட்டிப்போக முடியாதா? அதுகூட வேண்டாம், ஏரித் தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்ட முடியாதா?

கடைசியாக ஒரு கூத்து. அந்தப் பாலிப்பைக் கண்டுபிடித்த பார்ன் 1886-ல் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பிறகு சென்னை மாகாணத்தின் கல்வித்துறைக்கே இயக்குநரானார். தொட்டிக்குள் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் நடத்திய துறையின் வாரிசுகள், இன்று படத்தைப் பார்த்துக் காப்பியடிக்கச் சொல்லி ஐந்து மார்க் போடுகிறார்கள்.