தறி வீட்டில் ஒரு தூண்டில் பாடம்

கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும் மழைக்காலத்தில், பள்ளிப்பட்டுப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூங்கில் கோல், கொஞ்சம் நரம்பு, ஒரு முள், ஒரு மண்புழு. கரையோரத்து மீனுக்கு இவை போதும். ஆனால், இரையை நூறு அடிக்கு அப்பால் எறிய வேண்டுமானால்? அப்போது நரம்பைச் சுற்றி வைக்க 'ரீல்' என்னும் கருவி தேவைப்படுகிறது.

பழங்கால ரீல் மிக எளியது. ஓர் அச்சு, அதன்மேல் சுழலும் உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இரையை வீசினால் அது நரம்பை இழுக்கும். நரம்பு உருளையைச் சுழற்றும். இங்கே நிலைமம் குறுக்கிடுகிறது. நிற்கும் உருளை எளிதில் சுழலாது. ஆகவே கனமான இரையைத்தான் தூர எறிய முடியும். சுழலத் தொடங்கிய உருளையோ எளிதில் நிற்காது. காற்றின் தடையால் இரையின் வேகம் குறைந்த பின்பும் அது ஓடிக்கொண்டே இருந்து, நரம்பை அளவுக்கு மீறி வெளியே தள்ளும். விளைவு? ஒரே சிக்கல்! கட்டைவிரலால் உருளையை மெல்ல அழுத்தி அடக்குவதுதான் அந்நாளைய தூண்டில்காரர்களின் பெரிய வித்தை.

ஸ்காட்லாந்தில் பெர்த் நகரைச் சேர்ந்த மல்லாக் என்பவர் 1884-இல் ஒரு வழி கண்டார். எறியும்போது மட்டும் உருளையைப் பக்கவாட்டில் திருப்பினார். உருளை சுழலவில்லை, நரம்பு அதன் விளிம்பின் மேலாக வளையம் வளையமாகக் கழன்று சென்றது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. கழலும் ஒவ்வொரு வளையத்துக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறிற்று.

1905-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலைக் குடும்பத்தில் வந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் அந்தத் தொல்லையையும் தீர்த்தார். அவருடைய ரீலில், திரும்பச் சுற்றும்போதும் உருளை சுழல்வதில்லை. ஒரு கம்பி அதைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றுகிறது. போகும்போது ஏறிய முறுக்கு, வரும்போது இறங்கிவிடுகிறது! ஆலையில் நூல் கழன்று வருவதைக் கண்டே அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்பார்கள்.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை தறி வீடுகளின் மாணவர்களே, இப்போது உங்கள் வீட்டு நாடாவை எடுத்துப் பாருங்கள். அதனுள் இருக்கும் தார் சுழல்கிறதா? இல்லை. ஊடை நூல் அதன் முனை வழியே கழன்று வருகிறது. ஜான் கே 1733-இல் பறக்கும் நாடாவைச் செய்தபோது கையாண்ட முறை இது. தார் சுழன்றால், நாடா தறியின் ஓரத்தில் 'டக்'கென்று நிற்கும்போதெல்லாம் நூல் சிக்கிக்கொள்ளும் அல்லவா?

நான் சொல்ல வருவது இதுதான். தறியைப் பிழைப்பு என்றும், பாடப் புத்தகத்தில் இருப்பதே விஞ்ஞானம் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை தவறு. நிலைமம் என்பதற்கு இலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவன், மாலையில் அதே நிலைமத்தை வென்ற தாரைக் கையில் பிடித்துக்கொண்டே அதை அறியாமல் இருக்கிறான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு நாடாவுக்கும் தாருக்கும், கிடைத்தால் ஒரு பழைய ரீலுக்கும் இடம் வேண்டும்.

"தறித் தொழிலே நலிந்து வருகிறது, இதைப் படித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். தொழில் நலிந்தால் அதிலுள்ள அறிவும் சொல்லாமல் மறைந்துவிடும். ஆகவேதான் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

நீங்களே செய்து பாருங்கள். தையல் நூல்கண்டைப் பென்சிலில் கோத்து, நூலை வெடுக்கென்று இழுத்து நிறுத்துங்கள். கண்டு மேலும் சுழன்று நூல் தளரும். அடுத்து, கண்டை அசையாமல் பிடித்து முனை வழியே இழுங்கள், தளராது. பின்பு ஒரு ரிப்பனைப் பாட்டிலின் மேல் பத்துச் சுற்றுச் சுற்றி, கழுத்து வழியே உருவிப் பாருங்கள். எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது? எண்ணிவிட்டு, காரணத்தை அப்பாவிடமும் கேளுங்கள், ஆசிரியரிடமும் கேளுங்கள். இருவர் விடைகளையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.