டெக்சாஸ் பருத்திக் காட்டில் கண்டது

அமெரிக்காவில் பருத்தி விளைச்சலில் முதலிடம் டெக்சாஸ் மாநிலத்துக்கே. அதில் பெரும்பங்கு, வடமேற்கே லப்பக் நகரைச் சுற்றியுள்ள மேட்டுச் சமவெளியில் விளைகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. வயலில் ஆளைக் காண்பதே அரிது. பறிப்பதும் உருளையாகக் கட்டிப் போடுவதும் இயந்திரமே. கால் மைல் நீளக் குழாய், சக்கரங்களின் மேல் வட்டமாகச் சுற்றி வந்து நீர் பாய்ச்சுகிறது.

போகிறவர்கள் வியப்பது இவற்றைத்தான். என் மனத்தில் பதிந்தது வேறு. அந்த நீர் ஒகலாலா என்னும் நிலத்தடி ஊற்றிலிருந்து வருவது. 1940-களுக்குப் பின் ஆயிரக்கணக்கான பம்புகள் அதை இறைத்தன. அங்கு மழையால் ஆண்டுக்கு ஊறுவதோ பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. தன் நிலத்தடி நீரை நிலக்காரர் இறைத்துக் கொள்ளலாம், அண்டை வீட்டுக் கிணறு வற்றினாலும் கேள்வியில்லை என்று 1904-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1951-இல் நீர்ப் பாதுகாப்பு மாவட்டம் அமைத்தும் மட்டம் இறங்குவது நிற்கவில்லை. பல வயல்கள் மானாவாரிக்குத் திரும்பிவிட்டன. இப்போது நீர் காற்றில் வீணாகாதபடி, தெளிப்பு முனைகளைத் தரையருகே தொங்கவிட்டுப் பாய்ச்சுகிறார்கள்.

இந்தச் சிக்கனம் ஊற்று நிறைந்திருந்தபோதே வந்திருக்க வேண்டும். அவர்களுடைய இயந்திரங்களை வாங்க நம்மால் ஆகாது. பக்கத்து நிலத்தாரோடு கலந்து பேசி, அளவாக இறைக்க நம்மால் ஆகும். ஆயிரம் ஏக்கர்க்காரரையே தண்ணீர் பணிய வைக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரர் எம்மாத்திரம்?