கிணற்று நீரளவும் நாள் இடைவெளியும்

கிணற்று நீரை அளந்து குறித்துவைப்பது நல்ல வழக்கமே. ஆயின், எத்தனை முறை அளந்தோம் என்பதைவிட எந்தெந்த நாளில் அளந்தோம் என்பதே முக்கியமாகும். இடைவெளி சமமில்லாத அளவுகளைச் சமமென்று கொண்டு சராசரி காண்பது பெரும் பிசகு.

உதாரணமாக, ஒரு கிணற்றைத் தை, மாசி இரண்டு மாதங்களில் ஐந்து முறை அளந்து, ஒவ்வொரு முறையும் 10 அடி நீர் கண்டதாகவும், பங்குனி முதல் ஆனி வரையுள்ள நான்கு மாதங்களில் ஒரே முறை அளந்து 2 அடி கண்டதாகவும் கொள்வோம். ஆறு அளவுகளையும் கூட்டி ஆறால் வகுத்தால் சராசரி 8 2/3 அடி. மாதங்களைக் கொண்டு கணக்கிட்டாலோ 4 2/3 அடியே. கோடை முழுமைக்கும் ஓரளவே சாட்சியாயிருப்பதால் இதுவும் உறுதியன்று. முதற்கணக்கை நம்பிச் செங்கற்பட்டுச் சீமையில் சித்திரையில் சொர்ணவாரி நட்டவர், கதிர் வரும் தருணத்தில் நீரின்றி வருந்துவர்.

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள மணற்பாங்கான கரையில் கேடு இன்னும் அதிகம். அங்கே நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைத்தால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் சுமார் 40 அடி மேலெழக்கூடும் என்பது அறிஞர் கணக்கு. கிணறு உவர்த்தபின் வருந்திப் பயனில்லை.

அளவுடன் அதன் நிலையையும் குறிப்பது புதிய முறையன்று. 1802-ஆம் வருஷம் பரங்கிமலையருகே லாம்டன் ஏழரை மைல் நீளக் கோட்டை 100 அடிச் சங்கிலியால் அளந்தபோது, வெப்பத்தால் சங்கிலி நீளுமாதலின், உஷ்ணமானி காட்டிய அளவையும் குறித்துத் திருத்தம் செய்தார். இன்றைய ஆராய்ச்சிச் சாலைகளிலும், அதிவேகமாய்ச் சுழலும் யந்திரத்தில் கரைசலை இட்டு, ஒளியைச் செலுத்தி, பொருள் படியும் விதத்தை அளக்கின்றனர். அளக்கும் இடங்களின் இடைவெளி சமமாயிராமையால், ஒவ்வோர் அளவோடும் மையத்திலிருந்து அதன் தூரத்தையும் பதிந்துகொள்கின்றனர்.

ஆகவே, குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் மாதந்தோறும் குறித்த தேதியிலும், கோடையில் பதினைந்து நாளுக்கொரு முறையும், காலையில் இறைக்குமுன், கிணற்றின் ஒரே அடையாளத்திலிருந்து அளந்து, தேதியுடன் எழுதிவைத்தல் வேண்டும். தவறிய நாளுக்கு உத்தேசமாய் எண் எழுதலாகாது. அவ்விடத்தை வெறுமையாகவே விடுக. பொய்யான எண்ணைவிட வெற்றிடம் மேலானது.