புகையும் ஆவியும்

கிளிநொச்சியில் ஆசிரியப் பணி புரியும் நண்பர் ஒருவர் அண்மையில் என் மேசைமீது ஒரு பொருளை வைத்து, "இது என்னவென்று சொல்லும் பார்ப்போம்" என்றார். பேனா என்றே எண்ணினேன். எடுத்து முகர்ந்தபோது மாம்பழ வாசனை வீசிற்று. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகப் பையில் இருந்ததாம். இளைஞர் ‘வேப்’ என்று அழைக்கும் இலத்திரனியல் சிகரட் அது.

"பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"‘சேர், இது சிகரட் இல்லை, வெறும் ஆவி’ என்றான். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை" என்றார் நண்பர்.

அந்த மறுமொழியைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

பையன் கூறியதில் பாதி உண்மை. சிகரட்டில் புகையிலை எரிகிறது. எரிவதால் தாரும் நச்சு வாயுக்களும் பிறக்கின்றன. வேப்பில் எரிதல் இல்லை. மின்கலத்தின் சூட்டினால் நிக்கொட்டின் கலந்த திரவம் ஆவியாகிறது. இன்றைய வடிவில் இதனை 2003இல் ஆக்கிய சீன மருந்தாளர் ஹொன் லிக், தாமே சிகரட்டை விட முடியாது தவித்தவர். நெடுநாள் புகைத்தவர் சிகரட்டை முற்றாகக் கைவிட்டு வேப்புக்கு மாறினால் உட்செல்லும் நச்சு குறையும் என்பதை, 2018இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆயின் வேப் பழகிய இளையோர் பின்னர் சிகரட்டையும் தொடும் வாய்ப்பு மிகுதி என்பதற்குக் கணிசமான சான்று உண்டென்றும் அதே அறிக்கை கூறிற்று.

இதனை மறுப்போரும் உளர். அவர்கள் காட்டும் கணக்கு அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி மாணவருள் வேப் பாவித்தோர் 2011இல் 1.5 சதவீதம், 2019இல் 27.5 சதவீதம். வேப் சிகரட்டுக்கு வாயில் எனின், சிகரட்டும் ஏறியிருக்க வேண்டுமன்றோ? அதுவோ 15.8 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதமாக இறங்கிற்று. வேப் இல்லாதிருப்பின் அப்பிள்ளைகள் சிகரட்டைத் தொட்டிருப்பர் என்பது இவர்கள் வாதம். ஆனால் அந்நாட்டு மாணவரிடையே சிகரட் சரியத் தொடங்கியது 1990களின் இறுதியில். வேப் பிறக்குமுன்பே அதற்கு வரியும் சட்டமும் பிரசாரமும் வழி செய்திருந்தன.

அந்தக் கணக்கை வன்னிக்கு அப்படியே கொண்டுவரலாமா? இங்கே புகையிலை வழக்கொழிந்த பொருளன்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலம் போயினும், சுருட்டும் பீடியும் வெற்றிலையோடு சேரும் புகையிலைத் துண்டும் நம் திண்ணைகளை விட்டு இன்னும் அகலவில்லை. பெட்டிக்கடையில் சிகரட்டைப் பெட்டியாக அன்றி ஒவ்வொன்றாகவும் வாங்கலாம். வேப்பின் திரவம் தீர்ந்து, அடுத்தது கொழும்பிலிருந்து வரச் சில நாள் சென்றால், நிக்கொட்டினுக்குப் பழகிய பிள்ளை எங்கே போவான்? வீதியோரக் கடைக்கே போவான். இது புள்ளிவிவரமன்று, என் அச்சம். ஆயினும் காரணமற்ற அச்சமன்று.

சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுக்கிறது. புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டையும் 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் விலக்கின. ஆனால் மறைவில் விற்கும் பொருளுக்கு வயது கேட்பார் யார்? சிகரட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பை நோயின் படம் மறைத்து நிற்கிறது. வேப்பின் உறையிலோ மாம்பழம் சிரிக்கிறது.

ஆகவே காவல் வகுப்பறையில்தான் தொடங்கவேண்டும். ‘சிகரட்டைவிடக் கொடியது’ என்று மிகைப்படுத்தல் ஆகாது. ஒரு பொய்யைக் கண்டுகொண்ட மாணவன் நாம் சொல்லும் மெய்யையும் நம்பான். பாடசாலையை விட்டு விலக்குவதும் ஆகாது. விலக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பெட்டிக்கடை இன்னும் அருகில் வந்துவிடும்.

அந்த மாணவன் 2009இல் போர் ஓய்ந்தபின் பிறந்தவன். இழப்பைத் தாங்கமாட்டாது பீடியைப் பற்றிக்கொண்ட தந்தையரை இம்மண் அறியும். அவர்கள் பற்றியதற்கு ஒரு துயரம் இருந்தது. அவனுக்கு இன்னும் எந்தத் தளையும் இல்லை.

நண்பருக்கு நான் எழுதியனுப்பிய மறுமொழி இதுதான்: "அவனைத் தனியே அழைத்து, கோபமின்றிக் கேளும். ‘தம்பி, இது சிகரட்டை விட முடியாத ஒருவர் விடுவதற்காகத் தேடிய கருவி. நீ எதை விடுவதற்காக இதைத் தொட்டாய்?’"