‘வேண்டாம்’ என்று சொல்லும் ஓட்டிக்கும் கூலி கொடுங்கள்

கடலிலே படகு கவிழ்ந்தால் பழி சுமப்பதற்கு நம்மிடம் மூவர் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறார்கள். முதலாமவர் விதி. இரண்டாமவர் காற்று. இந்த இருவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்பதால் மூன்றாமவராகிய படகோட்டி அகப்படுவார். பேராசைக்காரன், பொறுப்பற்றவன் என்று இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு, மூன்றாம் நாள் நாம் வேறு செய்திக்குப் போய்விடுவோம்.

நான்காமவர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் பயணி, அதாவது நாம். சிறுபடகு விபத்துகளிற் பல, படகு துறையை விட்டு நீங்குமுன்னரே தொடங்கிவிடுகின்றன. ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டிய ஒருவர் சொல்லாமல் விட்ட கணத்தில், அல்லது அவர் சொல்லியும் நாம் கேளாமல் விட்ட கணத்தில், அவை தொடங்குகின்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் வழியை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று தரைவழி குறிகட்டுவானோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கடல். நயினாதீவு கிட்ட இருக்கிறது. நெடுந்தீவு அப்படியன்று, மாவிலித்துறைக்குப் போய்ச் சேரப் பெரிய பயணிகள் படகுக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். புலம்பெயர்ந்த நம் உறவுகள் விடுமுறையில் ஊர் வரும் காலம் ஆடி, ஆவணி. அதுவே சோழகம் வீசும் காலமுமாகும். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவும் ஆனி மாதத்தில், அதே காற்றுக்காலத்தில்தான் வருகிறது. ஆக, கடல் குழம்பியிருக்கும் மாதங்களிலேதான் கடலில் ஆட்கள் அதிகம். பொதுப்படகின் நேரம் நமக்கு ஒத்துவராது. பிற்பகலிலேயே திரும்பிவிடவும் வேண்டும். எனவே வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர்கிளாஸ் படகொன்றை வாடகைக்குப் பேசுகிறோம்.

நெடுந்தீவு தென்மேற்கே கிடக்கிறது. சோழகம் வருவதும் அந்தத் திசையிலிருந்துதான். ஆகவே போகும்போது படகு காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போகிறது. ஆழம் குறைந்த கடல் அது. அத்தகைய கடலிலே அலை நீண்டு உருளாது; குறுகி, செங்குத்தாக எழும்பி அடிக்கும். எரிபொருள் கணக்கைவிடக் கூடுதலாகச் செலவாகும். திரும்பும்போது காற்று முதுகுப்பக்கம் என்பதால் இலகு என்று நினைப்போம். பிற்பகலிற் காற்று பலத்துவிட்டால், பின்னாலிருந்து துரத்திவரும் அலை படகின் மிகத் தாழ்ந்த இடத்தில், இயந்திரம் பூட்டியிருக்கும் பின்புறத்தில் ஏறும். ஆட்களும் பொதிகளும் பின்னால் நிறைந்திருந்தால் அந்த இடம் இன்னும் தாழும். காலையிற் சுகமாகப் போனவர்கள் மாலையில் ஆபத்தில் மாட்டுவது இதனாலேயே.

இதையெல்லாம் ஓட்டிக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. கடலோடிக் குடும்பத்திற் பிறந்த ஒருவன் தாளும் எழுதுகோலும் இல்லாமலே தன் பயணத்தைத் திட்டமிடுகிறான். வானிலை அவதான நிலையத்தின் அறிவித்தலைக் கேட்கிறான். மன்னார் தொடக்கம் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் வரை காற்று வீசலாம் என்றால் அது சிறுபடகுக்கு உரிய நாளன்று என்பது அவனுக்குத் தெரியும். எரிபொருளை மூன்று பங்காக்குகிறான்: போக ஒன்று, வர ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று. மாற்றுப் பிளக், நங்கூரம், கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, இயந்திரம் நின்றால் வலிக்கத் துடுப்பு, இவற்றை ஏற்றுகிறான். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த நேரம் தாண்டினால் தேடிவர ஓர் ஆள் இருக்கிறது என்று பொருள். தொலைபேசியை நம்புகிறவனும் அதை நனையாமல் பொலித்தீன் பையிற் சுற்றிக்கொள்கிறான்.

இந்தத் திட்டத்தைக் குலைப்பவர்கள் யார்? துறையில் நடக்கும் உரையாடலைக் கேட்டுப் பாருங்கள்.

“அண்ணை, இண்டைக்குக் காத்து கூட. விடேலாது.”

“தம்பி, நாங்கள் நாளைக்குக் கொழும்புக்குப் போகோணும். எவ்வளவெண்டாலும் தாறம். அங்கை பார், மற்றப் படகு போகுதெல்லே?”

ஏழு பேர் என்று பேசியது பதினொன்றாகும். உயிர்காப்பு அங்கி வெக்கையாக இருக்கிறது, படத்துக்கு அழகாக இல்லை என்று கழற்றப்படும். ரொறன்ரோவிலே பனி கொட்டினால் விமானம் இரத்தானதை முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டு விடுதிக்குத் திரும்பும் அதே மனிதர், காரில் ஏறியதும் ஆசனப்பட்டியைப் பூட்டும் அதே மனிதர், இங்கே ஒரு கடலோடியின் சொல்லைப் பேரம் என்று எடுத்துக்கொள்கிறார். அன்றைய அடுப்பு எரிவது அன்றைய ஓட்டத்தில் என்றிருக்கும் ஒருவனிடம் ‘எவ்வளவெண்டாலும் தாறம்’ என்பது தாராளம் அன்று. அது நெருக்குதல்.

“கிளாலியைக் கடந்த எங்களுக்கா கடலைப் பற்றிச் சொல்கிறீர்?” என்று சிலர் கேட்பார்கள். 1990களின் முற்பகுதியில், இருட்டிலே, ஓர் இயந்திரப் படகின் பின்னால் கயிற்றிற் பிணைத்த வள்ளங்களில் அந்தக் கடனீரேரியை மக்கள் கடந்தது உண்மை. வேறு பாதை இல்லாததால் கடந்தார்கள். எல்லோரும் மறுகரை சேரவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு ஆபத்து கடலிலிருந்து வரவில்லை; மனிதரிடமிருந்து வந்தது. தெரிவு மறுக்கப்பட்டவர்களின் துணிவை, தெரிவு உள்ளவர்களின் அசட்டைக்குச் சான்றாகக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இன்னொரு மறுப்பு நியாயமானது. நெடுந்தீவில் வாழ்பவர்களுக்கு ‘நாளை போகலாம்’ என்ற சொகுசு இல்லை. பிரசவ வேதனையில் இருக்கும் தாயும், பாம்பு கடித்தவரும், பரீட்சை எழுதும் பிள்ளையும் காற்று ஓயும்வரை காத்திருக்க முடியாது. உண்மைதான். அதனாலேயே இது வெறுமனே பயணிகளின் ஒழுக்கம் பற்றிய பிரச்சினை அன்று. அரசின் கடமையும் ஆகும். ஒழுங்கான நேரத்துக்கு ஓடும், பழுதடைந்தால் மாற்று உள்ள, தகுதியான பெரிய படகுகள் இருந்தால் மக்கள் சிறுபடகில் நெருக்கியடித்து ஏறமாட்டார்கள். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணி காட்டியது. 2021 நவம்பர் 23ஆம் நாள், பாலம் கட்டி முடியும்வரை தற்காலிகமாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்டோர் மாண்டார்கள். மறுகரை கண்ணுக்குத் தெரிந்த தூரம் அது. அதன் பிறகே அதிகாரிகள் ஓடி வந்தார்கள்.

ஆகவே சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஒவ்வோர் இறங்குதுறையிலும் ஆட்களை எண்ணவும், பெயர் பதியவும், காற்று மிஞ்சினால் சிறுபடகுகளை நிறுத்தவும் எழுத்து மூலமான அதிகாரம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். எந்த அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்பும் அவருடைய முடிவை மாற்றக்கூடாது. நிறுத்தப்பட்ட நாளுக்கு ஓட்டிகளுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகை கிடைக்க வழி செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அரசு திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீவுப் பயணத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால், காற்றுக்கென்று இன்னொரு நாளையும் சும்மா விட்டுவையுங்கள். வாடகை பேசும்போதே, “நீர் வேண்டாம் என்றால் நாங்கள் வரமாட்டோம்; ஆனாலும் பாதிக் கூலி உமக்கு உண்டு” என்று ஓட்டியிடம் சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் செலவைவிட அது கூடுதலாக இராது. அந்தப் பணத்தால் நீங்கள் வாங்குவது ஓர் அனுபவசாலியின் நேர்மையான சொல்லை.

நெடுந்தீவு எங்கும் போய்விடாது. அடுத்த நாளும் அது அங்கேதான் இருக்கும்.